மூன்றாவது பல்

புனலூரில் ஒரு பல் டாக்டரிடம் வாங்கினோம்.
கோதுமை நிறம். எழுபத்திரண்டாயிரம் ஓடியிருந்தது.
டாஷ்போர்டில் அவர் ஏதோ சாமியைப் பெயர்த்தெடுத்த
பசை வட்டம்.
எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை.
அதன்மேல் எங்கள் பிள்ளையாரை ஒட்டினேன்.
வட்டம் பெரிது, பிள்ளையார் சிறிது,
மிச்சத்தில் தூசி உட்காரும்.

கேஎல் இருபத்தைந்து.
நம்பரை மாற்றத் தடையில்லாச் சான்று வேண்டும்.
பதினோரு மாதமாக அது
மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மேசையில் இருக்கிறது.
பிரானூர் பார்டரில் போலீஸ் கைகாட்டி
"சேச்சி, எவிடேக்கா?" என்கிறார்.
அவருக்குத் தெரிந்த மலையாளம் அவ்வளவுதான்.
"தென்காசி ஆஸ்பத்திரிக்கு, லேபில் வேலை,
வீடு செங்கோட்டை மேலூர்" என்றால்
நம்பருக்கும் என் முகத்துக்கும் நடுவில்
கொஞ்ச நேரம் நிற்கிறார்.
ஆரியங்காவில் யாரும் நிறுத்துவதில்லை.
அங்கே அது உள்ளூர்க்காரன்.

வயிறு தாழ்ந்த வண்டி.
நாலு பேர் ஏறினால்
வேகத்தடை ஒவ்வொன்றும் அடியில் உரசும்.
ஸ்கூல் பக்கத்துத் தடை வந்தால்
குத்தாலிங்கம் பின்னால் திரும்பாமலே
"இறங்குங்க" என்பார்.
வருணும் தியாவும் இறங்கி, நடந்து,
அந்தப் பக்கம் ஏறிக்கொள்வார்கள்.
சாரல் நாளில் தியா மட்டும் இறங்க மாட்டாள்.
வண்டி உரசும். அவர் பல்லைக் கடிப்பார்.

நான் ஐந்தடி. அவர் ஆறுக்கு இரண்டு அங்குலம் குறைவு.
சீட்டுக்கு அடியில் ஒரு கம்பி,
எனக்கும் அவருக்கும் நடுவில் ஐந்து கிளிக்.
மரக்கடையிலிருந்து அவர் கொண்டுவந்து விட்டால்
காலையில் என் கால் கிளச்சை எட்டாது.
ஐந்து முன்னால் இழுப்பேன்.
கண்ணாடியைக் கீழே இறக்குவேன்.
சண்டை போட்ட மறுநாள் கூட
அவர் முதுகின் சூடு போன இடத்தில்தான் உட்கார வேண்டும்.
தேக்குத்தூள் என் சேலையில் ஒட்டும்.

வியாழக்கிழமை காலை
இரண்டே கிளிக்கில் கால் எட்டிவிட்டது.

மறுபடி பின்னால் தள்ளி எண்ணினேன்.
யாருடைய இடமும் இல்லை அது.
அவருக்கு நெருக்கம், எனக்குத் தூரம்,
நடுவில் ஒரு ஆள்.
ரேடியோவைப் போட்டேன்.
எங்கள் பக்கத்து நிலையம் இருந்த இடத்தில்
மலையாளத்தில் ஒருத்தி ரப்பர் விலை சொன்னாள்.
ட்ரிப் மீட்டரில் முப்பத்தொன்பது.
முன் பம்பரை மட்டும் யாரோ கழுவியிருந்தார்கள்,
சக்கரத்தின் உள்பக்கச் செம்மண் அப்படியே இருந்தது.

பதினேழு வயது. நவம்பரில்தான் பதினெட்டு.
ராத்திரியில் அந்த மலை வளைவுகள்,
எதிரே மரம் ஏற்றிய லாரிகள்.
எங்கள் காகிதம் முடங்கிக் கிடக்கிற
அந்த நம்பர் பலகைதான்
அவனை நிறுத்தாமல் கூட்டிப்போயிருக்கிறது.

தோசைக்கு உட்கார்ந்தவன்
என் முகத்தைப் பார்க்காமல் சட்னி கேட்டான்.
கை ஓங்கத்தான் நினைத்தேன்.
அவன் கால் மேசைக்கு அந்தப் பக்கம் வரை நீண்டிருந்தது.
இது எப்போது நடந்தது?

அன்று சீட்டை நகர்த்தவில்லை.
நுனியில் உட்கார்ந்து, விரல்நுனியில் கிளச் மிதித்து
அவன் தூரத்திலிருந்தே
தென்காசி வரை ஓட்டினேன்.
இடுப்பு விட்டுப்போனது.
பார்டரில் போலீஸ் கைகாட்டினார்,
என்ன கேட்டார் என்று நினைவில்லை.

சாயங்காலம் அவர் ஏறினார்.
கம்பியைத் தூக்கிப் பின்னால் தள்ளினார்.
ஒன்று. இரண்டு. மூன்று.
அதற்குமேல் போகவில்லை.
கை கம்பியிலேயே இருந்தது.
ஸ்கூல் தடை தாண்டும்வரை பேசவில்லை.
அப்புறம்,
"பிரேக்கை ஒருதடவை பார்த்துடணும்" என்றார்.
"ஆமா" என்றேன்.

சாவி ஆணியில்தான் தொங்குகிறது.
எடுத்து பீரோவில் வைக்க
இரண்டு தடவை எழுந்தேன்.
மேலே, அவன் அறையில்
விளக்கு இன்னும் அணையவில்லை.